பல்பொடிப் பெண்ணின் நெற்றி

ஜனவரி 3, புதன்

காலையில் மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எலக்ட்ரீசியன் பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னான். அவன் சொல்லும் பதினொரு மணி எந்த நாட்டு மணி என்று தெரியவில்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில், சென்னையில் பேங்க் வேலை பார்க்கும் மகள் பொற்கொடி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். தோழியோடு ஏதோ ஓவியக் கண்காட்சிக்குப் போனாளாம். 'அப்பா, இது நீங்க பிரஸ்ல இருந்தப்போ வரைஞ்ச பல்பொடி பாக்கெட்தானே?' என்று கேட்டிருந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சுவர் முழுக்கப் பதினாறு பெண்கள். பதினாறும் ஒரே பெண். ஒருத்தி பச்சை, ஒருத்தி ஊதா, ஒருத்திக்கு ஆரஞ்சு நிறத்தில் பல். ஒவ்வொரு முகமும் ஆள் உயரம். நிலாமுத்து பல்பொடிப் பெண்! 1983-ல் மதுரையில் ஒரு லித்தோ அச்சகத்தில் நான் ஆர்ட்டிஸ்டாக இருந்தபோது வெளிவந்த பாக்கெட். ரோஸ் காகிதத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிரித்த முகம், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியை மூடியே இருபது வருடம் இருக்கும். இப்போது அவள் சென்னையில் ஏசி ஹாலில் தொங்குகிறாள். கீழே ஒரு சின்ன அட்டை: 'சிரி. அகில் வரதன். கேன்வாஸில் சில்க் ஸ்கிரீன்.'

என் பெயர் எங்குமே இல்லை.

உலகம்மாளிடம் போனை நீட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பல்லு கொஞ்சம் பெருசாப் போயிட்டு" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். ஓர் ஓவியனோடு நாற்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியும் கலைத் திருட்டு என்றால் என்னவென்று தெரியாத மனுஷி.

எலக்ட்ரீசியன் நாலரைக்கு வந்தான்.

ஜனவரி 4, வியாழன்

பின்னாளில் இந்த நோட்டைப் படிக்கப்போகிறவர்களுக்காக ஒரு விளக்கம். கூடலிங்கமாகிய நான் அடிப்படையில் அரூப ஓவியன். பல்பொடி பாக்கெட் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. என் உண்மையான படைப்புகள் அறுபத்து மூன்று கேன்வாஸ்கள். கோடு, வட்டம், மௌனம். இப்போது பீரோவுக்குப் பின்னால் இருக்கின்றன. மூன்றை எலி தின்றுவிட்டது. எலிக்காவது பசி இருந்தது. இந்த ஊர் விமர்சகர்களுக்கு அதுவும் இல்லை.

கடைச் சரக்கையும் விளம்பரத்தையும் எடுத்து ஓவியமாக்கும் இந்தப் பாப் ஆர்ட் சமாசாரம் எனக்குப் புதிதல்ல. ஐம்பதுகளில் லண்டனில் முளைத்து, நியூயார்க்கில் கொழுத்தது. ரிச்சர்ட் ஹாமில்டன் பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டினார். ராய் லிக்டென்ஸ்டைன் காமிக்ஸ் கட்டம் ஒன்றை எடுத்து, அச்சுப் புள்ளிகளோடு சேர்த்துப் பெரிதாக்கினார். ஆண்டி வார்ஹால் சூப் டப்பா வரைந்தார். ஒன்று வரைந்தால் புரியாதென்று முப்பத்திரண்டு வரைந்தார். கிளேஸ் ஓல்டன்பர்க் துணியில் பஞ்சடைத்து ஆள் ஏறிப் படுக்கிற அளவுக்கு ஒரு பர்கர் செய்தார். உலகம்மாளும்தான் தலையணை தைக்கிறாள். அவளை எந்த மியூசியம் கூப்பிட்டது?

1962-ல் லாஸ் ஏஞ்சலிஸில் அந்தச் சூப் டப்பாக்களைக் காட்சிக்கு வைத்தபோது, பக்கத்துக் கேலரிக்காரர் ஒருவர் நிஜ டப்பாக்களை ஜன்னலில் அடுக்கி 'அசல் இங்கே மலிவு' என்கிற மாதிரி எழுதிவைத்தாராம். சிலை வைப்பதென்றால் அவருக்குத்தான் வைக்க வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

பொற்கொடி என் அறுபதாம் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கனத்த ஆங்கிலப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஜேம்ஸ் ஹார்வி. என்னைப் போலவே அரூப ஓவியர். பகலில் வயிற்றுக்காகப் பெட்டி டிசைன் செய்தவர். பிரில்லோ என்ற பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் அட்டைப்பெட்டி அவருடைய வேலை. 1964-ல் வார்ஹால் அதையே மரப்பெட்டிகளில் அச்சடித்து அடுக்கிவைத்தார். உலகப் புகழ். ஹார்வி அந்தக் கண்காட்சிக்குப் போய்த் தன் பெட்டியையே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மறு வருடமே செத்தும் போனார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹார்விதான் நான். நான் இன்னும் சாகவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

உலகம்மாள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டாள்.

"அந்தப் பொட்டிய அந்த ஹார்வியே வரைஞ்சாரா?"

"பின்னே? வேறு யார் வரைவார்?"

"சும்மா கேட்டேன்" என்றாள்.

மத்தியானம் அகில் வரதனுக்கு மெயில் எழுதினேன். ஐந்து பக்கம். 'திருட்டு' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. பொற்கொடி படித்துவிட்டு, ஏழு இடத்தில் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறாள்.

ஜனவரி 11, வியாழன்

அவனே போன் செய்தான். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி: 'மிஸ்டர், உங்களுக்கு வெட்கம் என்று ஒன்று உண்டா?'

"சார், அகில் பேசறேன். உங்க மெயில் படிச்சதுல இருந்து கை காலெல்லாம் ஆடுது சார்."

"ஆடத்தான் வேண்டும்."

"சந்தோஷத்துல சார்! பழைய பேப்பர் கடைல ஒரு கட்டு பாக்கெட் கிடைச்சது. மூணு வருஷமா இத வரைஞ்சது யாருன்னு தேடிட்டிருக்கேன். அந்தச் சிரிப்பு இருக்கே, அத யாராலயும் காப்பி அடிக்க முடியாது சார். நான் பெருசு மட்டும்தான் பண்ணேன். நீங்க மாஸ்டர்!"

மாஸ்டர்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி கேலரியில் ஒரு கலந்துரையாடல் வைக்கிறார்களாம். தலைப்பு: 'வரைந்தவரும் பெருக்கியவரும்.' நான்தான் சிறப்பு விருந்தினர். எழுதி வைத்த தாளைப் புரட்டிப் பார்த்தேன். அதில் எங்கும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்: "எந்த ட்ரெயினில் வரட்டும்?"

போனை வைத்ததும் உலகம்மாள் கேட்டாள். "நீங்க வரைஞ்சதுன்னா அவன்ட்ட சொன்னீங்க?"

"ஆர்ட்டிஸ்ட் என்று அச்சகத்தில் சம்பளம் வாங்கியது யார்?"

"நீங்கதான்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. குழம்பில் இன்றைக்கு உப்பு கூடுதல்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடில்லாத வீட்டில் ஸ்கூட்டரைக் கழுவினேன்.

ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போனில் பேட்டி எடுத்தாள். பல்பொடிப் பெண்ணின் நெற்றி ஏன் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நவீன இந்தியப் பெண்ணின் சிந்தனை எந்தச் சட்டகத்துக்குள்ளும் அடங்காது. அதைத்தான் அந்த வெட்டு சொல்கிறது. எண்பத்து மூன்றில் இதைப் புரிந்துகொள்ள ஆளில்லை" என்றேன். அவள் டைப் அடிக்கும் சத்தம் இங்கே கேட்டது.

ஜனவரி 21, ஞாயிறு

பேட்டி வந்துவிட்டது. என் போட்டோவும். ஆறு பிரதி வாங்கினேன்.

உலகம்மாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நானே தமிழில் சொல்லிக் காட்டினேன். "அடங்காதா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னைக் கிண்டல் செய்கிறாளா என்று எழுபதை நெருங்கும் வயதிலும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

உண்மையை மறைப்பது என் வழக்கமல்ல என்பதால் ஒன்றைப் பதிவு செய்கிறேன். அந்தப் பாக்கெட் தயாரான வாரத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். ஆனாலும் வேலை குறித்த நாளில் முடிந்தது. எப்படி முடிந்தது என்பது இப்போது முக்கியமில்லை.

ஜனவரி 24, புதன்

உலகம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கனத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் தென்காசியில் ஓவிய ஹையர் தேர்வு பாஸ் செய்தவள்தான். அந்தச் சர்டிபிகேட் ரேஷன் கார்டோடு எங்கோ இருக்கிறது.

"இதுல பொம்பளைங்க எல்லாம் படத்துலதான் இருக்காங்க. அழுதுட்டு இருக்காங்க, இல்ல உதட்டுச் சாயம் பூசிட்டு இருக்காங்க. வரைஞ்ச பொம்பள ஒருத்தி கூடவா இல்ல?"

"இருந்தால் போட்டிருக்க மாட்டார்களா?" என்றேன்.

அவள் குளிக்கப் போனபின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். இருக்கிறாள். போலின் போட்டி, லண்டன்காரி. இருபத்தெட்டு வயதில் இறந்தவள். அவளுடைய ஓவியங்கள் அண்ணனின் பண்ணையில் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தனவாம். அந்தப் பக்கத்தை உலகம்மாளுக்குக் காட்டவில்லை. எழுத்து ரொம்பப் பொடி. அவளுக்குக் கண் வலிக்கும்.

ஜனவரி 28, ஞாயிறு

மேடையில் வரைந்து காட்டச் சொன்னாலும் சொல்வார்கள் என்று அந்த முகத்தைக் கொஞ்சம் பழகிப் பார்த்தேன். பன்னிரண்டு தாள். முதல் ஆறில் அவள் கொட்டாவி விடுகிறாள். அடுத்த ஐந்தில் பல் வலியில் இருக்கிறாள். கடைசித் தாள் எங்கள் பழைய ஹெட்கிளார்க் மாதிரி வந்துவிட்டது. வயதாகிவிட்டது, கை நடுக்கம்.

தாள்களை உலகம்மாள் ஷெல்ஃபில் விரித்து மேலே மளிகை டப்பாக்களை அடுக்கிவிட்டாள்.

பிப்ரவரி 1, வியாழன்

உலகம்மாள் தானும் சென்னைக்கு வருகிறேன் என்கிறாள். முட்டி வலி, ரயில் அலைச்சல், அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். உனக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். அதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு டிக்கெட்.

பிப்ரவரி 3, சனி. சென்னை, பொற்கொடி வீடு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை வைகை எக்ஸ்பிரஸில் வந்தோம். மாலை ஐந்து மணிக்குக் கேலரி. வந்திருந்த அறுபது பேரும் கறுப்பு உடை. துக்க வீட்டில் லெமன் ஜூஸ் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. கேலரி நடத்தும் வசுந்தரா அம்மாள் எனக்குச் சால்வை போட்டார். அகில் வரதனுக்கு முப்பத்து நாலு வயது இருக்கலாம். மஞ்சள் ஃபிரேம் போட்ட கண்ணாடி, ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், மறு காலில் பச்சை. காலில் விழுந்தான். சாக்ஸை மன்னித்தேன்.

எங்கள் இருவரையும் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கால் தரையில் எட்டவில்லை. பின்னால் பதினாறு முகங்கள். உலகம்மாளும் பொற்கொடியும் மூன்றாம் வரிசையில்.

ஹார்வியைப் பற்றிப் பேசினேன். ஹால் உச்சுக் கொட்டியது. வார்ஹாலை ஒரு பிடி பிடித்தேன். கை தட்டினார்கள். இவர்கள் சுவரில் வார்ஹாலை மாட்டி வைத்துக்கொண்டே கை தட்டுவார்கள் என்று தெரியும். இருந்தாலும் கைத்தட்டல் கைத்தட்டல்தான்.

அப்போது அகில் கேட்டான். "சார், ரொம்ப நாளா ஒரு டவுட். அந்தக் காலத்து பாக்கெட் எல்லாத்துலயும் முழு மூஞ்சி இருக்கும். நீங்க ஏன் நெத்திய வெட்டினீங்க? இடது புருவம் வேற ஏறி இருக்கு. யாரையாவது உக்கார வெச்சு வரைஞ்சீங்களா?"

சட்டகத்துக்குள் அடங்காத சிந்தனையைச் சொன்னேன். புருவத்துக்கும் ஒன்று தோன்றியது. "அது கேள்வி கேட்கும் புருவம்" என்றேன். "மாடல் யாரும் இல்லை. அவள் என் மனத்தில் பிறந்தவள்."

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

அடக்கப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. தோள் குலுங்க, வாய் முழுக்கத் திறந்து, இடது புருவம் மேலே ஏறச் சிரித்தாள் உலகம்மாள். முன்வரிசைக்காரர்கள் எரிச்சலாகத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் திரும்பியபடியே இருந்தார்கள். அவளைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடியும் அவளைப் பார்த்தார்கள். ஹால் முழுக்க ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. சுவரில் இருந்த பதினாறு பேரும் நாற்காலியில் இருந்த ஒருத்தியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அகில் ஸ்டூலிலிருந்து இறங்கி அவளிடம் போனான். "அம்மா... இது நீங்களா?"

"நாந்தான். இப்ப கொஞ்சம் வயசாயிட்டு."

"சாருக்கு நீங்கதான் மாடலா உக்காந்தீங்களா?"

அங்கே எனக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அவள் 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேடையிலிருந்து அவளைப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவளும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள். "இவரு வரைஞ்சு குடுத்த மூஞ்சிய மொதலாளி மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாரு. மூக்கு எங்க, வாய் எங்கன்னு கேட்டாரு. இவருக்குக் கோவம் வந்து காய்ச்சல்னு படுத்துட்டாரு. வேல போயிருமேன்னு நான் வரைஞ்சேன். வீட்டுல இருந்தது இவரு ஷேவ் பண்ணுத கண்ணாடி. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். அதுல நெத்தி தெரியல. தெரியாதத எப்பிடி வரைய?"

"அப்ப புருவம்?"

"கண்ணாடி ஒசரத்துல மாட்டிருந்துச்சு. எக்கி எக்கிப் பாத்தேன்."

ஹாலில் கைத்தட்டல் அடங்க நேரமானது. எனக்குத் தட்டியதைவிட நீளம். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஸ்டூலிலிருந்து இறங்க எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை. சால்வை காலில் மாட்டிக்கொண்டது.

பிப்ரவரி 4, ஞாயிறு

பொற்கொடி காபியை மேஜையில் வைத்தாள். சத்தமாக.

"அம்மா வரைவாங்கன்னு எனக்கு நாப்பது வயசு வரைக்கும் ஏன்ப்பா தெரியாது?"

"நீ கேட்கவில்லையே."

"நீங்க சொல்லலையே."

உலகம்மாள் இங்கேயே கொஞ்ச நாள் இருக்கப்போகிறாளாம். அகில் தன் ஸ்டூடியோவில் வந்து வரையச் சொல்லியிருக்கிறான். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். "அங்க நம்ம வீட்டுல சோப்பு மேல் ஷெல்ஃப்ல இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 7, புதன். மதுரை

சோறு குழைந்துவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

வசுந்தரா அம்மாளிடமிருந்து மெயில். சுவர் அட்டையையும் கேட்டலாக்கையும் மாற்ற வேண்டுமாம். அசல் யார் வரைந்தது என்று நான் எழுத்தில் கொடுத்தால் நல்லது என்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். மரியாதைதான் சுடுகிறது.

முதல் வரைவு: 'என் மேற்பார்வையில் என் மனைவி தீட்டிய ஓவியம்.' காய்ச்சலில் படுத்தவன் எப்படி மேற்பார்வை பார்த்தான் என்று கேட்பார்கள்.

இரண்டாவது: 'நானும் என் மனைவியும் இணைந்து.' நான் எதை இணைத்தேன்? கண்ணாடியை.

மூன்றாவது: 'நான் தந்த ஊக்கத்தால்.' இதை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையை மறைப்பது என் வழக்கமல்ல என்று முன்பு எழுதியிருந்தேன். காய்ச்சலைப் பற்றி ஒரு சிறு திருத்தம். அப்போது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு.

பிப்ரவரி 15, வியாழன்

அறுபது கேன்வாஸையும் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து வரிசையாகச் சாத்தி வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை பார்த்தேன். ஒன்றுகூட என்னைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் கடிதத்தை மெயிலில் அனுப்பிவிட்டேன். மொத்தமே இரண்டு வாக்கியம். 'நிலாமுத்து பல்பொடி பாக்கெட்டில் உள்ள முகத்தை 1983-ல் வரைந்தவர் என் மனைவி உலகம்மாள். நான் வரையவில்லை.' இரண்டாவது வாக்கியம் தேவைதானா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் உலகம்மாள் போன் செய்தாள். பின்னால் யாரோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"கடுதாசி வந்துச்சு. அகில் படிச்சுக் காட்டினான்."

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"ரசம் வைத்தேன். ரசம் மாதிரிதான் இருந்தது."

பிறகு, "நல்லா எழுதிருக்கீங்க. மீதி பதினொண்ணுக்கு எப்ப எழுதுவீங்க?" என்றாள்.

"எந்தப் பதினொன்று?"

"மயில் மார்க் ஊதுவத்தி, கப்பல் மார்க் சேமியா, அந்த ரெட்டைக்குழந்த அப்பளம்... நான் ஒண்ணொண்ணா சொல்லணுமா? மயிலுல இருந்து ஆரம்பிங்க. அதுக்குத்தான உங்களுக்குப் பிரஸ்ல கைக்கடிகாரம் போட்டாங்க."

கோபம் இல்லை அவள் குரலில். கடைக்குப் போகிறவனிடம் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

புதுத் தாள் எடுத்து உட்கார்ந்தேன். மயிலில் ஆரம்பித்தேன். பதினொன்றும் எழுதி முடித்தபோது இருட்டக்கூட இல்லை. பேனாவை மூடியிருக்கலாம். அவள் எண்ணிக்கையில் தப்பு. மீதி பதினான்கு. அவள் மறந்துபோன மூன்று எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.

அந்த மூன்றையும் எழுதினேன்.